லேண்ட்ரோவர் ஏறிய கட்டில்

ஷரீஃபுதீனுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

1955-ஆம் வருஷம், மலாக்காவை அடுத்த மூவாரில் அவனுடைய நிக்காஹ். பெண்ணைப் பெற்றவர் முகைதீன் மரைக்காயர், அந்த ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர், சீர்ப் பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொன்னார். பித்தளை அண்டா இரண்டு, வெற்றிலைப் பெட்டி ஒன்று, பாய் தலையணை, தேக்குக் கட்டில் ஒன்று என்று வாசித்துக்கொண்டே போனார்கள். தேக்குக் கட்டில் என்ற சொல் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். கழுத்தில் பூமாலை, வாயில் பாதி மென்ற வெற்றிலை.

"மாமா, மத்ததெல்லாம் குடுங்க, வாங்கிக்கிறேன். கட்டில் மட்டும் வேணாம். இரும்புப் பட்டறை வச்சிருக்கிறவன் வீட்டுக்கு மரக்கட்டில் வந்தா நாலு பேரு சிரிக்க மாட்டானா? என் கையால இரும்புக் கட்டில் செஞ்சு போடுறேன். யானை ஏறிப் படுத்தாலும் அசையாது."

சபை ஆஹா என்றது. மரைக்காயர் பேனாவைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்யாணப் பெண் சபியாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பேர்ப்பட்ட புருஷன்! அதே பெருமையோடு மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங் சாலையில் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில், பாயை விரித்துத் தரையில் படுத்தாள். இரண்டு வருஷம் படுத்தாள்.

ஷரீஃபு சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் இருட்டுகிறவரை அவன் பட்டறையில் தட்டுகிற சத்தம் கம்போங் செட்டி வரைக்கும் கேட்கும். அவனுடைய கஷ்டம் வேறு. யாராவது வந்து நின்று, "ஷரீஃபு, உன்னை விட்டா இதுக்கு ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷன் வெண்ணெயாக உருகிவிடுவான். கையில் என்ன வேலை இருந்தாலும் அதைப் போட்டுவிட்டு வந்தவனுடைய வேலையை எடுத்துக்கொள்வான். மலாக்காவில் இந்த ரகசியம் தெரியாத ஜீப்காரன் ஒருவனும் இல்லை.

ஜீப்காரர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்ததும் ஒரு தப்பினால்தான். ஷரீஃபு அளவுநாடா பிடிக்க மாட்டான். சாணும் முழமும்தான் கணக்கு. "அல்லா குடுத்த அளவுகோல் கையோட இருக்கும்போது நாடா எதுக்கு?" என்பான். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு செட்டியார் வீட்டு ஜன்னலுக்கு நடுவில் தாமரையும் இரண்டு பக்கமும் மயிலும் வைத்து அருமையான கம்பிக் கிராதி ஒன்று செய்தான். ஜன்னலை அளந்தது காலையில். கம்பியை அளந்தது சாயங்காலம், விரலில் அடிபட்டுக் கட்டுப் போட்ட பிறகு. கட்டோடு அளந்த சாண் எப்படிச் சரியாக இருக்கும்? கிராதி ஜன்னலுக்குப் பொருந்தாமல் பட்டறைக்கே திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றது.

அந்த வாரத்தில்தான் டுரியான் பழ வியாபாரம் செய்யும் சீன முதலாளித் தவுக்கே ஒருவர் வந்தார். பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. தோட்டத்துச் செம்மண் பாதையில் எருமை மாட்டின் மேல் மோதி முன்பக்க விளக்கு இரண்டும் போய்விட்டன. முன்னால் ஏதாவது கனமாகக் கட்டித் தரவேண்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் அந்தக் கிராதியின் மேல் விழுந்துவிட்டது. தாமரையும் மயிலுமாக ஜன்னல் கிராதி ஜீப்பின் மூஞ்சியில் ஏறியது. தவுக்கேவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலாக்காவில் வேறு எந்த ஜீப்புக்கும் மயில் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அலோர் காஜா பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் எருமையை இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றார். எருமையின் பின்தொடையில் தாமரைப் பூ அச்சாகப் பதிந்திருந்தது. இதழ் இதழாக எண்ணலாம். "இது யார் செய்த பூ?" என்று கேட்டுக் கேட்டே வந்து சேர்ந்திருக்கிறார். சண்டை வரப்போகிறது என்று ஷரீஃபு நடுங்கினான். அந்த மனுஷரோ, எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை, தன் மச்சானுக்கு ஒரு ஜீப் இருக்கிறது, அதற்கும் இதே பூ வேண்டும் என்று சொல்ல வந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஷரீஃபு ஜன்னலை விட்டுவிட்டுப் பம்பருக்கு வந்துவிட்டான்.

பம்பர்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரே ஒரு குறை, பாரம். மாட்டி முடித்ததும் ஜீப்புகள் தொழுகையில் குனிந்த ஆள் நிமிர மறந்ததைப் போல மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றன. ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரியும், வானம் தெரியாது. வேறொருவனாக இருந்தால் பம்பரின் பாரத்தைக் குறைத்திருப்பான். ஷரீஃபு மூன்று நாள் யோசித்து, வண்டியின் கூரைக்குமேல் பின்பக்கமாகத் தள்ளி ஒரு கேரியர் செய்து மாட்டினான். அதில் நாலு மூட்டையை ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், மூக்கு நிமிரும். பம்பர் வாங்கியவன் கேரியரும் வாங்கியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. இதைத் தந்திரம் என்று ஊர் சொன்னது. அவனுக்கு அவ்வளவு தந்திரம் எல்லாம் கிடையாது, பாவம். அவனுக்குத் தோன்றிய வழி அதுதான்.

சபியாவின் கட்டில் கதைக்கு வருவோம்.

கல்யாணமான நாலாவது மாதம் கட்டிலுக்கென்று நல்ல பைப்பாகப் பார்த்து வாங்கி வைத்தான். ஒரு தோட்டத்து மானேஜர் வந்து அந்த மந்திர வார்த்தையைச் சொன்னார். பைப் அத்தனையும் அவருடைய கேரியருக்குப் போனது. மறு வருஷம் கட்டிலின் தலைமாட்டுப் பக்கத்தை மட்டும் முடித்து வைத்தான். மேலே பிறை வளைவு, கீழே கொடி, நடுவே கொத்துக் கொத்தாக இலை, பார்க்க அத்தனை அழகு. ஒரு டாக்டர் வந்து, ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு வைத்தியத்துக்குப் போகிற தன் ஜீப்பை மரக்கிளைகள் அறைகின்றன என்று அழாக்குறையாகச் சொன்னார். தலைமாடு ஜீப்பின் முகமாகிப் போனது. டாக்டர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சபியா வாசலில் நின்று தன் கட்டிலின் தலைமாட்டைப் பார்ப்பாள். டாக்டர் கை ஆட்டுவார். அவள் ஆட்ட மாட்டாள்.

பக்கத்துச் சந்தில், கம்போங் செட்டியில், நாகம்மா என்று ஒரு அம்மாள் இருந்தார். பேர்தான் தமிழே தவிர, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டிமார் எல்லாரையும்போல அவர் பேச்சு முழுவதும் மலாய். கெபாயாவும் சாரோங்கும் கட்டிக்கொண்டு காலையில் கூவே பலகாரம் விற்க வரும்போது சபியாவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். ஒவ்வொரு நாளும் முதல் கேள்வி ஒன்றுதான்: "காத்தில் சுடா சியாப்?" கட்டில் ஆயிற்றா என்று அர்த்தம். இன்னும் இல்லை என்று சபியா தலையை ஆட்டுவாள். நாகம்மா உச்சுக்கொட்டிவிட்டு ஒரு கூவேயை அதிகமாக வைப்பார்.

1957 ஆகஸ்டில் சபியாவுக்குப் பொறுமை தீர்ந்துபோனது. ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் போட்டு, மீன் ஆணத்தை ஊற்றி, புருஷன் முதல் கவளத்தை வாயில் வைக்கிறவரை காத்திருந்து சொன்னாள்.

"மச்சான், வாப்பாவுக்குக் கடுதாசி போட்டுட்டேன்."

"சந்தோஷம். சுகமா இருக்காங்களா?"

"சுகமா இருக்காங்க. மெர்டேக்கா அன்னிக்கு, நாடு சுதந்திரம் வாங்குற அன்னிக்கு, கடை லீவாம். லாரி எடுத்துக்கிட்டு வர்றாங்க. அந்தத் தேக்குக் கட்டிலோட."

ஷரீஃபு அடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். மூவாரிலிருந்து கிளம்பி, ஆற்றைக் கடக்கிற பெரிப் படகில் ஏறி, கடலோரச் சாலை முழுவதும் ஜனங்கள் பார்க்கப் பார்க்க ஒரு தேக்குக் கட்டில் வரும். காஜா பெராங்கில் நுழையும். ஷரீஃபுதீன் இரும்புப் பட்டறை என்று பெயர்ப்பலகை தொங்குகிற வாசலில், பட்டப்பகலில், மரக்கட்டில் இறங்கும். அடித்த வரியை மாமனார் திரும்ப எழுதியது போலத்தான். இதைவிடக் கடலில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"அதுக்கு முன்னாடி நான் கட்டில் போட்டுட்டா?"

"போட்டுட்டா வாப்பா லாரியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. நானே சொல்றேன். ஆனா வீட்டுக்குள்ள, நாலு காலும் தரையில நிக்கணும். படுத்துப் பார்ப்பேன்."

அன்றிலிருந்து ஷரீஃபு பட்டறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வேலை செய்தான். வெளியே நின்று எவன் என்ன மந்திர வார்த்தை சொன்னாலும் காதில் பஞ்சு. வாழ்க்கையில் முதல் தடவையாக நாடா வாங்கி அளந்தான். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கட்டில் எழுந்து நின்றது. தலைமாட்டில் பிறை, கால்மாட்டில் கொடி, ஆறடிக்கு நாலடி, மேலே இரும்புப் பட்டைகள் பின்னல். வெள்ளி பெயின்ட் இரண்டு கை அடித்தான். சபியா வந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலில் வெள்ளி ஒட்டியது. அந்த விரலைக் கழுவாமல் அன்று முழுவதும் வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு ஆசை அவளுக்கு. இலவம்பஞ்சு அடைத்து மெத்தையும் தைத்து முடித்தாள்.

ஆனால் மழை ஈரத்தில் பெயின்ட் காயவில்லை. இரண்டு நாள் பட்டறையிலேயே காயட்டும், முப்பத்தொன்றாம் தேதி காலையில் உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அங்கேதான் வினை.

முப்பதாம் தேதி மத்தியானம், காற்றுப் படட்டும் என்று ஷரீஃபு பட்டறைக் கதவைத் திறந்து வைத்தான். திறந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நல்லையா வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை வேலையில் இருப்பவர், காடு மேடெல்லாம் லேண்ட்ரோவரில் சுற்றுகிறவர். அந்த வண்டியின் முன்னால் இருந்த தாமரை மயில் பம்பரும் ஷரீஃபுவின் வேலைதான். மறுநாள் மெர்டேக்கா ஊர்வலத்தில் காஜா பெராங்காரர்களுக்கு ஒலிபெருக்கி வண்டி ஏற்பாடு செய்வதாக நல்லையா ஏற்றுக்கொண்டிருந்தார். மேலே நின்று மைக்கில் முழங்கப்போவதும் அவரேதான். ஒரு வாரமாக வீட்டுக் கண்ணாடி முன்னால் முழங்கிப் பழகியிருந்தார்.

"தம்பி ஷரீஃப், பெரிய ஆபத்து" என்றார். "லேண்ட்ரோவருக்குத் துணிக்கூரை. கயிறு போட்டுக் கட்டின ஒலிபெருக்கி ரெண்டும் ஒத்திகையிலே சறுக்கி விழுந்து போச்சு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு ஊர்வலம் வெளிக்கிடுது. மேலே ஒரு கேரியர் வேணும்."

"ஏலாது அண்ணே. பைப் கிடையாது, நேரமும் கிடையாது. நாளைக்கு என் மாமனார் வர்றாரு."

"மலாக்கா முழுக்க விசாரிச்சுப் பாத்திட்டன்" என்று நல்லையா பெருமூச்சு விட்டார். பிறகு சொல்லக் கூடாததைச் சொன்னார்: "உம்மை விட்டா இதுக்கு ஆளே இல்லை."

ஷரீஃபு காதில் அன்றைக்குப் பஞ்சு இல்லை. அவன் வாசலை விட்டு ஒரு அடி ஒதுங்கியதை நல்லையா பார்த்திருக்க வேண்டும். மெல்ல உள்ளே வந்தார். அவர் கண் கட்டிலின் மேல் போய் உட்கார்ந்தது. அளவைக்காரர் புத்தி போகுமா, பையிலிருந்து நாடாவை இழுத்துக் கட்டிலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். வெளியே போய் லேண்ட்ரோவரை அளந்தார். திரும்பி வந்து ஷரீஃபுவின் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம் அண்ணே" என்றான் ஷரீஃபு. சொல்லும்போதே எந்தெந்த இடத்தில் போல்ட் போடவேண்டும் என்று அவன் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

அவன் போட்ட கணக்கு இதுதான். ஊர்வலம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மாமனார் மத்தியான லுஹர் தொழாமல் மூவாரைவிட்டுக் கிளம்ப மாட்டார். பெரி, சாலை எல்லாம் சேர்த்து அவர் வந்து சேர சாயங்காலம் அஸர் ஆகிவிடும். அதற்குள் கட்டிலைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுவிடலாம். சபியாவுக்குத் தெரியவே வேண்டாம். பெயின்ட் இன்னும் காயவில்லை என்று காலையில் ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலையை ஆரம்பித்த பிறகுதான் கால்கள் இடித்தன. காலோடு ஏற்றினால் கட்டில் ஆகாயத்தில் நின்று ஆடுகிறது. நல்லையா வாட்சைப் பார்க்கிறார். ஷரீஃபு இரும்பு ரம்பத்தை எடுத்தான். பிஸ்மி சொல்லி நாலு காலையும் அடியோடு அறுத்தான். அறுத்த கால்களை ஓரமாகத் தள்ளினான். பரவாயில்லை, நாளைக்கு ஒட்டவைத்துவிடலாம், வெல்டிங்காரனுக்கு வெட்டுவது ஒட்டுவது எல்லாம் ஒன்றுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். பம்பரிலிருந்து இரண்டு கம்பம், பின்பக்கமிருந்து இரண்டு கம்பம் எழுப்பி அதன்மேல் கட்டிலைப் பூட்டினான். பிறை வளைவில் ஒலிபெருக்கிகள் இரண்டும் அளவெடுத்து வைத்தாற்போல் உட்கார்ந்தன.

மறுநாள் காலை ஊரே கொடியும் தோரணமுமாக இருந்தது. காஜா பெராங் சாலையில் லாரிகள், சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மேளக்காரர்கள், வெள்ளை உடுத்த சங்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் வரிசை கட்டி நின்றார்கள். "மெர்டேக்கா!" என்று ஒருவர் கத்தினால் சாலையே திரும்பக் கத்தியது. லேண்ட்ரோவர் நடுவில் நின்றது. மேலே வெள்ளிக் கேரியர் வெயிலில் பளபளத்தது.

ஷரீஃபு அதன் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வந்தவன் போனவன் எல்லாம் அண்ணாந்து பார்த்து அசந்து போனான். "கட்டில் மாதிரியில்ல இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். "புது மாடல்" என்றான் ஷரீஃபு. அவன் பயத்தை எல்லாம் மறந்து பூரித்துப்போயிருந்தான். மனுஷ சுபாவம் அப்படி.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவன் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். காலையில் அவன் சொன்ன பொய்யைச் சபியா நம்பிவிட்டாள். நம்பி, பெயின்ட் காய விசிறிவிடலாம் என்று நல்ல மனசோடு ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பட்டறை காலி. தரையில் வெள்ளி பூசிய நாலு கால்கள் மட்டும் கிடந்தன. அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது நாகம்மா சாலையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். "சபியா! காத்தில் லு சுடா பெர்கி!" உன் கட்டில் போய்விட்டது என்று கத்தி, போன திசையையும் கை காட்டினார்.

சபியா அழவில்லை. உள்ளே போய் மெத்தையைச் சுருட்டி எடுத்துவந்தாள்.

ஷரீஃபு முதலில் பார்த்தது மெத்தையைத்தான். கூட்டத்துக்குமேலே ஒரு மெத்தைச் சுருள் மிதந்து வந்தது. கூட்டம் விலகியபோது கீழே நாகம்மாவின் தலை தெரிந்தது. அவருக்கு முன்னால் சபியா, தலையில் முக்காடு, கக்கத்தில் தலையணை. அவள் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்பரின் தாமரையில் ஒரு காலை வைத்தாள், மயிலின் தலையில் இன்னொரு காலை வைத்தாள், பானட்டில் ஏறி, கம்பத்தைப் பிடித்து மேலே போய்விட்டாள். நாகம்மா மெத்தையை வீசினார். அவள் பிடித்து விரித்தாள், மூலையெல்லாம் தட்டிச் சரிசெய்தாள், தலையணையைப் போட்டாள். பிறகு சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நல்லையா பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, இறங்கும். ஊர்வலம் வெளிக்கிடப் போகுது. நான் அதிலே நின்று பேச வேணும்."

"பேசுங்க அண்ணே, வேணாங்கல. இது யாரு கட்டில்னு மட்டும் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க."

மைக் அவள் முகத்துக்கு நேராகத் தலைமாட்டில் கட்டியிருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க நல்லையாவே சற்றுமுன் அதைத் திறந்து வைத்திருந்தார். அவள் கேட்ட கேள்வி சாலையின் இரண்டு முனைக்கும் கேட்டது. ஜனம் திரும்பிப் பார்த்தது. நாகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காத்தில் டியா!" அவளுடைய கட்டில் என்று எல்லாருக்கும் மலாயில் விளக்கினார். மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் ஒரே நேரத்தில் ஷரீஃபுவைப் பார்த்தார்கள். அவன் கையை முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முன்னால் மேளம் ஆரம்பித்துவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் நல்லையாவைப் பார்த்தார், நல்லையா வானத்தைப் பார்த்தார். வண்டியை நகர்த்துவதைத் தவிர வழியில்லை. ஒரு வாரம் பழகிய பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு நல்லையா ஒரு பக்கம் நடந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஷரீஃபு மறுபக்கம் நடந்தான். நடுவில் சபியா மெத்தைமேல் உட்கார்ந்தபடி போனாள்.

சாலையோரம் நின்றவர்களுக்கு விவரம் ஏது? இதுவும் ஊர்வலக் காட்சிகளில் ஒன்று என்றே நினைத்தார்கள். "மெர்டேக்கா!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்கள். முதல் தடவை அவள் முறைத்தாள். இரண்டாவது தடவை முக்காட்டைச் சரிசெய்தாள். மூன்றாவது தடவை அவளை அறியாமல் கை உயர்ந்துவிட்டது. "மெர்டேக்கா!" என்றாள். ஒலிபெருக்கி இரண்டும் சேர்ந்து அதிர்ந்தன. நல்லையா முழங்கியிருந்தால்கூட அத்தனை சத்தம் வந்திருக்காது. அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தெங்கேரா சாலைத் திருப்பத்தில் ஊர்வலம் நின்றது. எதிரே ஒரு லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றது. லாரியின் மேலே, கயிற்றால் கட்டி நிமிர்த்தி வைத்த ஒரு தேக்குக் கட்டில்.

மரைக்காயர் லுஹருக்காகக் காத்திருக்கவில்லை. அன்றைக்குச் சாலையெல்லாம் அடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, விடிந்ததும் முதல் பெரியிலேயே ஏறிவிட்டார். லாரியிலிருந்து நிதானமாக இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். எதிரே ஒரு லேண்ட்ரோவர். அதற்குமேல் ஒரு கட்டில். அதற்குமேல் மெத்தை. மெத்தைமேல் அவர் பெற்ற மகள்.

மேளம் தானாக நின்றுவிட்டது. மரைக்காயர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தலைமாட்டைப் பார்த்தார், கால்மாட்டைப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு மருமகனுக்கு எதிரே வந்து நின்றார்.

"மாப்பிள்ளே, கட்டில் நல்லாத்தான் இருக்கு. கால் எங்கே?"

ஷரீஃபு தலையைச் சொறிந்தான். அன்று நிக்காஹ் சபையில் நின்றபோது இருந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான். வாழ்க்கையில் இப்படி ஒரு அவமானம் அவன் பட்டதில்லை. சுற்றி நின்ற ஜனம் பதிலுக்குக் காத்திருந்தது.

மேலேயிருந்து சபியா குனிந்து பார்த்தாள். புருஷனுடைய கழுத்து சட்டைக்குள் போய்விட்டிருந்தது. நெற்றியில் நேற்று அடித்த வெள்ளி பெயின்ட் ஒரு துளி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மடையன்தான். ஆனால் அவளுடைய மடையன். இத்தனை பேர் நடுவில் அவன் நிற்கிற நிலையைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"வாப்பா!" என்றாள். காஜா பெராங் முதல் தெங்கேரா வரை கேட்டது. "காலு வச்ச கட்டில் எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. உங்க மருமகன் எனக்குச் சக்கரம் வச்ச கட்டில் செஞ்சிருக்காரு. மலாக்காவுல வேற யாருக்கு இருக்கு, சொல்லுங்க? லாரியைத் திருப்புங்க வாப்பா, நாங்க போகணும்!"

முதலில் சிரித்தது மரைக்காயர்தான். தொப்பி நழுவ நழுவச் சிரித்தார். பேனாவால் ஒரு தடவை அடித்த கட்டிலை இரண்டாவது தடவையும் அடிக்கவேண்டியதாயிற்று என்று சொல்லிக்கொண்டே லாரிக்காரரிடம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். மேளம் திரும்ப ஆரம்பித்தது. ஜனம் கையைத் தட்டியது. நாகம்மா அழுதே விட்டார்.

ஷரீஃபு அண்ணாந்து மனைவியைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. இரண்டு வருஷம் தரையில் படுக்கவைத்தவனை ஊர் நடுவில் இப்படித் தாங்கிப் பிடிக்கிறாளே என்று நினைத்தான். ஏதாவது சொல்லவேண்டும் என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "சபியா..." என்று ஆரம்பித்தான்.

சபியா அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து, குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அஸருக்குள்ள நாலு காலையும் ஒட்டி வீட்டுக்குள்ள போட்டிருக்கணும் மச்சான். இல்லே, இன்னியிலேர்ந்து உங்களுக்குச் சோறும் பட்டறையிலதான், தூக்கமும் பட்டறையிலதான்."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஒலிபெருக்கி இரண்டும் அதையும் அப்படியே ஊருக்குச் சொல்லிவிட்டன.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேளம் மறுபடி நின்றது. ஷரீஃபு அங்கே நிற்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொடிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் புகுந்து, ஊர்வலம் போகிற திசைக்கு எதிர்த் திசையில், கால்களை ஒட்டும் கேஸ் விளக்கைப் பற்றவைக்கப் பட்டறையைப் பார்த்து ஓடினான். நாடு முழுவதும் மெர்டேக்கா என்று கத்திக்கொண்டிருந்தது. அவனும் ஓடிக்கொண்டே ஒரு தடவை கத்திப் பார்த்தான்.